பத்தாவது சால்

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். பாகின் பதத்தை வாசனையிலேயே சொல்லுகிறவன் நான் ஒருத்தன்தான். இதை நானாகச் சொல்லவில்லை. என்னிடம் வேலை பழகிப் போய் இன்று எனக்கே எதிர்க்கடை வைத்திருக்கிறவர்களைக் கேளுங்கள், அவர்களே சொல்லுவார்கள். நாலாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. நாகலாபுரத்துப் பக்கம் காடு உழுகிற ஒரு சம்சாரி வீட்டில் பிறந்து, பதினாறு வயதில் வெறுங்கையோடு பஸ் ஏறி வந்தேன். முப்பதில் சொந்த அடுப்பு. நாற்பதில் சொந்தக் கட்டடம். ஐம்பதில் கார். அப்பன் வைத்துவிட்டுப் போனது என்று ஒரு பித்தளைச் செம்புகூட என்னிடம் கிடையாது. எல்லாம் இந்தக் கையால் வந்தது.

இந்தக் கையால் என்று சபையில் சொல்ல முடியாது. கர்த்தருடைய கையால் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு முதலில் வேலை கொடுத்த முதலாளி கிறிஸ்தவர். அவர் பின்னாலேயே போய்ப் போய் நானும் ஞானஸ்நானம் எடுத்தவன். கொஞ்சம் வளர்ந்த பிறகு, வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது சபையில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். மேடை ஏறினால் என் சாட்சி ஒன்றுதான். சொந்த அடுப்பு மூட்டிய முதல் நாள் பத்துத் தட்டு மிட்டாய் போட்டேன். ஒன்பதைக் கடைகளுக்குக் கொடுத்தேன். பத்தாவது தட்டைத் தொடாமல் சபைக்குக் கொண்டு வந்தேன். அன்றிலிருந்து பத்தாவது தட்டு அவருடையது. அதனால்தான் இன்று உங்கள் முன்னால் இப்படி நிற்கிறேன். வீட்டில் உலை கொதிக்காவிட்டாலும் முதலில் பத்தில் ஒன்றை எடுத்து வையுங்கள், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்று முடிப்பேன். பெண்கள் அழுவார்கள். அன்றைக்குக் காணிக்கைப் பை கனமாக இருக்கும். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சபையில் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த முதல் நாள் பத்தாவது தட்டுக்குக் காய்ச்சிய பாகு கருகிவிட்டது. வாயில் வைத்தால் கசப்பு. எந்தக் கடைக்காரனும் வாங்க மாட்டான். தூரப் போட மனசில்லாமல், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளாவது தின்னட்டும் என்று சபைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அப்போதிருந்த பாஸ்டர் தட்டைப் பார்த்துவிட்டு, “முதல் நாள் உழைப்பிலேயே பத்தில் ஒன்றா!” என்று என் தலையில் கை வைத்து ஜெபித்தார். இல்லை ஐயா, இது கருகினது என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்கப்புறம் நிஜமாகவே கொடுத்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு வாரம் தவறாமல் கொடுத்தேன். அதில் பொய் இல்லை. தொடக்கம் மட்டும்தான் அப்படி.

இந்தச் சாட்சியை முழுசாக நம்பியவள் என் தங்கச்சி.

அவளை எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கட்டிக் கொடுத்திருந்தோம். பிள்ளை இல்லை. நாற்பது வயதுக்குள் புருஷன் போய்விட்டார். ஐந்து ஏக்கர் மானாவாரிக் கரிசலும் ஒரு ஓட்டு வீடும் மிச்சம். அழுதுகொண்டு கிடந்தவளை நான்தான் காரில் ஏற்றிச் சபைக்குக் கொண்டு வந்தேன். அவள் வந்த முதல் ஞாயிறும் நான் சாட்சி சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

அந்த வருஷம் புரட்டாசியில் விதைக்கும்போது அவள் ஒரு காரியம் செய்தாள். உளுந்து விதைத்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு பத்தாவது உழவுச் சாலின் தலைமாட்டிலும் ஒரு ஆமணக்கு விதையை ஊன்றினாள். எனக்குப் பத்தாவது தட்டு என்றால் அவளுக்குப் பத்தாவது சால். ஆமணக்கு வளர்ந்து அடையாளம் காட்டும். அந்தச் சாலில் பறித்த செடியைத் தனியாக அடித்து, தனியாகப் புடைத்து, தனிச் சாக்கில் கட்டி, விற்ற ரூபாயைத் தனியாக ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைப்பாள். சபையில் விளைச்சலுக்கு நன்றி சொல்லுகிற ஸ்தோத்திரப் பண்டிகை வரும்போது டப்பாவோடு கொண்டு வந்து வைப்பாள். உழவு, விதை, களைவெட்டு, ஆள்கூலி எல்லாம் மற்ற ஒன்பது சாலில்தான் ஏறும். பத்தாவது சாலில் ஒரு பைசா செலவு ஏறாது. அப்படிச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். செலவு போகக் கொடுக்கிறவன் மிச்சத்தைக் கொடுக்கிறான் என்று சொன்னேன்.

பக்கத்துப் புஞ்சைக் காடு அவள் கொழுந்தனுடையது. அவர் சாமி கும்பிடுகிறவர், நல்ல மனுஷன், வாய் மட்டும் சும்மா இருக்காது. ஒரு வருஷம் காட்டுப்பன்றி இறங்கி அவள் புஞ்சையைப் பாதி கிளறிப் போட்டுவிட்டது. நான் பார்க்கப் போயிருந்தேன். கொழுந்தன் வரப்பில் நின்றுகொண்டு கேட்டார்.

“மதினி, எல்லாச் சாலையும் உழுது தள்ளியிருக்கு. ஆமணக்கு நிக்குத சாலுல மட்டும் வாய் வைக்கலையே. ஒங்க சாமி சாலுன்னு பன்னிக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“பன்னிக்குக்கூடத் தெரியுது, ஒங்களுக்குத்தான் தெரியல கொழுந்தனாரே” என்றாள் இவள்.

அவரே சிரித்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதையும் என் சாட்சியில் சேர்த்துக்கொண்டேன். அல்லேலூயா சத்தம் அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று.

இனிமேல் எழுதப் போவதை எழுதாமல் விடலாமா என்று பல நாள் யோசித்தேன். வயது எழுபதைத் தாண்டியாயிற்று. எழுதிவிடுகிறேன்.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குள் எல்லாரும் மெஷின் போட்டார்கள் என்று நானும் புது ஷெட்டும் மெஷினும் போட்டேன். பாங்கில் பெரிய கடன். வெல்லம் ஏறியது, கடலை ஏறியது, வெளியூர்ச் சரக்கு நின்றது. மெஷின் வாரத்தில் இரண்டு நாள் ஓடியது, பிறகு அதுவும் இல்லை. பத்தாவது தட்டை எடுத்து வைப்பது எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது. சபையில் தசமபாகம் என்கிற அந்தப் பத்தில் ஒன்றுக்கு என்று கவர் கொடுப்பார்கள். அதில் முன்பு ஆயிரக்கணக்கில் வைத்தவன், ஐம்பதும் நூறும் வைத்து நன்றாக ஒட்டிக் கொடுத்தேன். காரை மட்டும் விடவில்லை. கார் இருக்கிற வரைக்கும் ஊர் நம்பும். சாட்சியையும் விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தங்கச்சிக்குக் கண் மங்கியது. நாகலாபுரத்தில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். மாசி மாதம். கொழுந்தன் அவளைக் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறார். கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிட்டது, நரம்பு கெட்டுக்கொண்டே வருகிறது, போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதுரைக்குப் போக அவர்களே வண்டி வைத்திருந்தார்கள். சாப்பாடு, ஆபரேஷன் எல்லாம் இலவசம். கொழுந்தன் எனக்குப் போன் பண்ணினார். காரை எடுத்துக்கொண்டு போனேன். அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு துணிப்பை.

“ஏட்டி, கீழ எறங்கு” என்றேன்.

கொழுந்தன் ஓடி வந்தார். “அத்தான், நானும் கூடப் போறேன், கவலப்படாதீங்க. ரூவாயே கேக்கல அவிய.”

“ரூவா கேக்கலைங்கதுதான் மாப்ள எனக்குக் கேவலம். தர்மத்துக்குப் பாக்குத எடத்துல எந்தங்கச்சி பாயி போட்டுப் படுக்கணுமா? கோவில்பட்டியில போய்க் கேளும், நான் யாருன்னு.”

“கோவில்பட்டியில கேட்டுட்டு வாரதுக்குள்ள வண்டி போயிருமே அத்தான்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. “தனி ரூம்பு போட்டு, பெரிய டாக்டரை வச்சுப் பாக்குதேன். நீ எறங்கு தாயி” என்றேன். அவள் கொழுந்தனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இறங்கிவிட்டாள். என் சொல்லை அவள் ஒரு நாளும் தட்டினது இல்லை.

தனி ரூம்புக்கு என்னிடம் பணம் இல்லை. அன்றைக்குக் காருக்கு டீசல் போட்டதே கடன்தான். பங்குனியில் ஒரு சரக்குப் பணம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

சித்திரையில் அவளே கேட்டாள். அந்த வருஷம் தை மாதத்தில் பருவம் தப்பிப் பெய்த கள்ள மழையில் உளுந்து பாதி நெற்றிலேயே முளைத்துவிட்டது. மிஞ்சியதை விற்ற பணத்தில் ஒன்பது சால் ரூபாய் டிராக்டருக்கும் ஆள்கூலிக்கும் சரியாகப் போய்விட்டது. வீட்டில் இருந்த ஒரே பணம் பவுடர் டப்பாவில் இருந்த பத்தாவது சால் பணம். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, குனிந்துகொண்டே கேட்டாள்.

“அண்ணே, முகாம்ல குடுத்த சீட்டு இன்னும் இருக்கு. அதைக் காட்டுனா இலவசமாப் பாப்பாவளாம். பஸ்ஸுக்கும் மருந்துக்கும் மட்டும் இதுல எடுத்துக்கிடட்டுமா? அடுத்த வெளச்சல்ல ரெட்டிப்பா வச்சிருதேன்.”

எடுத்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்போ அண்ணன் சொன்ன தனி ரூம்பு எங்கே என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து, மேடையில் பேசுகிற குரலில் சொன்னேன்.

“கர்த்தரோட பணத்துல கைய வச்சுட்டுப் போனா கண்ணு தெரியுமாட்டி?”

அவள் டப்பாவை மூடிவிட்டாள். பண்டிகைக்கு முழுசாகக் கொண்டு வந்து வைத்தாள். கொழுந்தன் தன் கைக்காசைப் போட்டுக் கூட்டிப் போகிறேன் என்று இரண்டு தடவை சொன்னாராம். அண்ணன் கூட்டிப் போவார் என்று இவள் மறுத்துவிட்டாள்.

ஐப்பசியில், தீபாவளிச் சரக்கு கொஞ்சம் ஓடிய பிறகு, காரில் மதுரைக்குக் கூட்டிப் போனேன். தனி ரூம்பு போட்டேன். டாக்டர் ஒரு பெண்பிள்ளை, என் மகள் வயதுகூட இருக்காது. விளக்கை வைத்துத் தங்கச்சி கண்ணைப் பார்த்துவிட்டு, பழைய முகாம் சீட்டையும் பார்த்துவிட்டு, “எட்டு மாசமா எங்கய்யா இருந்தீங்க?” என்று கேட்டாள். காட்டு வேலை என்று தங்கச்சி முந்திக்கொண்டு சொன்னாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஒரு கண் முழுசாகப் போயிருந்தது. மற்றதில் நிழல் மட்டும்தான் தெரிந்தது. ஆபரேஷன் செய்தும் அந்த நிழலும் அடுத்த வருஷத்துக்குள் போய்விட்டது.

அதற்கப்புறம்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது. இத்தனை வருஷம் மேடை போட்டுப் பேசினேனே, இந்தப் பத்தில் ஒன்று நமக்குக் கட்டாயம்தானா? இப்போதிருக்கிற பாஸ்டர் சின்ன வயது, சாந்தமானவர். ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

“கட்டாயம்னு இல்ல அண்ணாச்சி” என்றார். “அது அந்தக் காலத்து ஜனங்களுக்கு, அவிய தேசத்துக்கு, அவிய ஆலயத்துக்குன்னு போட்ட சட்டம். நமக்கு, மனசார எவ்வளவு முடியுமோ அவ்வளவு. கொறையவும் குடுக்கலாம், கூடவும் குடுக்கலாம். வருத்தப்பட்டுக் குடுக்கக் கூடாது.”

வேதத்தைத் திறந்து இன்னொரு இடத்தையும் காட்டினார். நான் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தேன். அந்தப் பழைய சட்டத்திலேயே, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பங்கை ஊருக்குள்ளேயே வைத்துவிட வேண்டுமாம். நிலம் இல்லாதவனும், அநாதையும், விதவையும் வந்து வயிறாரச் சாப்பிட வேண்டுமாம். விதவை என்கிற எழுத்தில் என் விரல் நின்றுவிட்டது. சட்டப்படி பார்த்தாலும் அந்த டப்பாப் பணம் அவளுடையது.

“இத ஏன் பாஸ்டர் இத்தன நாளாச் சொல்லல?”

அவர் வேதத்தை மூடி வைத்தார். “நீங்க சாட்சி சொல்லி முடிச்ச பெறவு நான் எந்திரிச்சு, அது கட்டாயம் இல்லன்னு சொன்னா நல்லாவா இருக்கும் அண்ணாச்சி? சபைக்குக் காங்கிரீட் போட்டதே ஒங்க சாட்சியாலதான.”

போன வருஷம் காரை விற்றேன். ஷெட்டைப் பாங்கு பூட்டியது. இப்போது ஒரு அடுப்பு வைத்து, நானும் இரண்டு பொம்பிளைகளும் போடுகிறோம். மாதத்துக்கு ஒரு தடவை பஸ்ஸில் தங்கச்சியைப் பார்க்கப் போவேன். நிலத்தைக் கொழுந்தன் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு எடுத்துச் செய்கிறார். அவர் பெண்சாதி இரண்டு வேளையும் சோறு கொண்டு வந்து வைக்கிறாள். என்னைக் கண்டால் அவர் இப்போதெல்லாம் ஒன்றும் பேசுவதில்லை. வாய் நிறையப் பேசுகிற மனுஷன், “வாங்க அத்தான்” என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய்விடுகிறார்.

இந்தத் தடவை நான் போனபோது அவள் சுளகில் உளுந்தைப் பரப்பி, விரலால் தடவித் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் செருப்புச் சத்தத்திலேயே அறிந்துகொண்டாள். இடுப்பிலிருந்து நூறு ரூபாயை எடுத்து நீட்டினாள். அரசாங்கம் மாதாமாதம் அவளுக்குப் போடுகிற ஆயிரத்தில் பத்தில் ஒன்று. கொழுந்தன் பெண்சாதி பாங்கிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் தங்கச்சி முதலில் இதைத்தான் பிரித்து வைப்பாளாம்.

அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் போயிருந்தேன்.

“இனிமே இத எடுத்து வைக்காண்டாம் தாயி.”

“ஏன், இந்த வாரம் சபைக்குப் போகலியா?”

“போவேன். ஆனா இது கட்டாயம் இல்ல. பாஸ்டர்ட்ட கேட்டுட்டேன், நானும் வாசிச்சுப் பாத்துட்டேன். நமக்குப் போட்ட சட்டமே இல்ல. இருந்தாக் குடுக்கலாம், இல்லாட்டி வேண்டாம்.”

அவள் சிரித்தாள். “என்னச் சோதிக்குதீங்களாக்கும்.”

“சத்தியமாச் சொல்லுதேன். நானே எத்தனையோ வருசமா ஒழுங்காக் குடுக்கல. கவருல அம்பது வைப்பேன். தொழிலு போச்சு. காரு போச்சு.”

“காரு போனது தெரியுமே. சத்தம் கேட்டு எத்தன மாசமாச்சு. கண்ணுதான் இல்ல, காது இருக்குல்லா.”

“மொத நாளு பத்தாவது தட்டுன்னு சொல்லுவேனே, அது கருகின தட்டு. விக்காதுன்னு கொண்டுபோனது.”

“கருகினா என்ன, அவரு ஏத்துக்கிட்டாருல்லா? இல்லாமயா நீங்க அம்புட்டு வளந்தீங்க?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எது சொன்னாலும் அதை என் பெருமையாகவே மாற்றிவிடுகிறாள். “ஏட்டி, நான் பொய் சொன்னேன்னு சொல்லுதேன். அன்னைக்கு அந்த டப்பாப் பணத்த எடுத்துட்டு நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஒரு பாவமும் இல்ல.”

சுளகில் ஓடிக்கொண்டிருந்த விரல் நின்றது.

“எடுத்திருக்கலாமா?”

“எடுத்திருக்கலாம்.”

பிறகு என் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.

“அப்பம் எங் கண்ணு எதுக்குண்ணே போச்சு?”

என் வறட்டுப் பெருமைக்குப் போயிற்று என்று சொல்ல வேண்டும். அதைத்தான் சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை, கையை வீசி என்னை அமர்த்தினாள்.

“அவருக்குக் குடுத்தாச்சுன்னு நெனச்சுத்தான் காலையில எந்திரிக்கேன். அது சும்மா போச்சுன்னா நான் எப்படி இருக்க? நீங்க தப்பா வாசிச்சிருப்பீங்கண்ணே. நாலாப்புதான படிச்சிருக்கீங்க. இன்னொரு தடவ நல்லா வாசிச்சுப் பாருங்க. கட்டாயம்னுதான் போட்டிருக்கும்.”

என் படிப்பைச் சொல்லிக் காட்டிய எவனையும் இந்த ஊரில் நான் சும்மா விட்டதில்லை. அவளிடம் தலையைக் குனிந்துகொண்டேன்.

“போட்டிருக்கும்ல?” என்று மறுபடியும் கேட்டாள்.

“ஆமா தாயி. போட்டிருக்கு. நான்தான் தப்பா வாசிச்சுட்டேன்.”

“அதான பாத்தேன்” என்று ரூபாயை என் கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். பிறகு கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நூறு ரூபாயைக் கவரில் வைத்து, மேலே அவள் பெயரை எழுதிப் போட்டேன். ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வருகிற பண்டிகைக்குச் சாட்சி சொல்ல வேண்டுமாம். தொண்டை சரியில்லை என்றேன். என்னிடம் அத்தனையும் எடுத்துச் சொன்ன அதே பாஸ்டர் சற்று யோசித்துவிட்டு, “அப்பம் ஒங்க தங்கச்சியக் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி. அவிய சொன்னா ஜனங்க உருகிருவாவ” என்றார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அவரே கொழுந்தன் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். அவள் வருகிறேன் என்றாளாம். புதுச் சேலை கட்டிக்கொண்டு வருவாள். ஒன்றுமில்லாத ஒரு பெண் எங்காவது கடைசி வரிசையில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் சொல்வதைக் கேட்பாள். தங்கச்சியைக் கையைப் பிடித்து மேடையில் ஏற்ற வேண்டியவன் நான்தான்.